ஷோனெஃபெல்ட்: நாம் வந்திறங்கிய வாசலை மறக்கலாமா?

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் தோளில் ஒரு பையைக் கொழுவிக்கொண்டு, மலிவு விமானமொன்றில் ஏறி, அயல்நாட்டு நகரமொன்றின் விடுதியில் நண்பர்களோடு இரண்டு இரவுகள் தங்கி, ஞாயிறு இரவு வீடு திரும்புவது, இன்று ஐரோப்பாவில் வாழும் எமது இளைய தலைமுறையினருக்கு மிகச் சாதாரணமானதொரு விடயமாகும். அதில் தவறேதும் இல்லை. உலகைக் காண்பதும் நட்பை வளர்ப்பதும் இளமைக்குரிய உரிமைகள். ஆனால், அதே உரிமை அவர்களது பெற்றோருக்கு இதே மண்ணில் சட்டத்தினால் மறுக்கப்பட்டிருந்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

சென்ற கோடையில் நாங்கள் நால்வர் பேர்லினில் ஒரு வாரஇறுதியைக் கழித்தோம். ஒருவர் இலண்டனிலிருந்தும், ஒருவர் பரிசிலிருந்தும், ஒருவர் சூரிச்சிலிருந்தும், நான் டோட்முண்டிலிருந்தும் சென்றிருந்தோம். நால்வரும் 1985ஆம் ஆண்டின் முற்பகுதியில் சில வார இடைவெளியில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்கள்; பின்னர் மேற்கு ஜேர்மனியின் சிறு நகரமொன்றில், அகதிகள் ஹைம் ஒன்றின் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள். விடுதியை ஒழுங்கு செய்தவர் இலண்டன் நண்பரின் மகள். அறைக்குள் நுழைந்தபோது இரண்டு இரட்டைத் தட்டுக் கட்டில்களும் நான்கு இரும்பு அலுமாரிகளும் எங்களை வரவேற்றன. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அன்றைய ஹைம் அறையிலும் இதே கட்டில்கள்தான், இதே அலுமாரிகள்தான். மேல்தட்டில் ஏறுவதற்கு இப்போது முழங்கால் இடம் தரவில்லை என்பதே வேறுபாடு.

அன்றிரவு அந்த மகள் தொலைபேசியில் தந்தையிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "அப்பா, இளமையில் நீங்கள் நால்வரும் ஏன் ஒருமுறையேனும் இப்படிச் சுற்றுலா போகவில்லை?" நண்பர் மறுமொழி சொல்லாது பேச்சை மாற்றிவிட்டார். நாற்பது ஆண்டுகளாக எம்மில் பலர் செய்துவருவதும் அதுவே.

அந்தக் கேள்விக்கான விடையை இங்கே பதிவு செய்ய விரும்புகின்றேன்.

1983 யூலை இனப்படுகொலையின் பின்னர் உயிர்தப்பி வெளியேறிய ஈழத்தமிழ் இளைஞர்களுக்கு மேற்கு ஐரோப்பாவின் கதவுகள் விசாவினால் பூட்டப்பட்டிருந்தன. திறந்திருந்த சில வழிகளில் ஒன்று கிழக்கு ஜேர்மனியின் தலையாய விமான நிலையமான ஷோனெஃபெல்ட் ஆகும். கொழும்பிலிருந்து சோவியத் விமானத்தில் மொஸ்கோ சென்று, அங்கிருந்து ஷோனெஃபெல்ட்டில் இறங்கினால், கிழக்கு ஜேர்மனிய அதிகாரிகள் கடவுச்சீட்டில் இடைவழி விசா ஒன்றைக் குத்தி மேற்கு பேர்லினை நோக்கி அனுப்பிவிடுவர். பேர்லின் நகரைப் பிரித்த கோட்டினை ஒரு நாட்டெல்லையாக அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு ஆகிய மூன்று வல்லரசுகளும் ஏற்காத காரணத்தினால், மேற்குப் பக்கத்தில் ஆட்களின் கடவுச்சீட்டைப் பரிசோதிக்கும் எல்லைச்சாவடி இருக்கவில்லை. பிறீட்ரிக் ஸ்ராசே நிலையத்தில் கிழக்கின் கட்டுப்பாட்டைத் தாண்டித் தொடருந்தில் ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கும்போது மேற்கு உலகில் இருந்தார். இரு வல்லரசு முகாம்களின் பிணக்கில் விழுந்திருந்த ஒரு வெடிப்பினூடாகவே எமது சமூகத்தின் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது.

அந்த வெடிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. மேற்கு ஜேர்மனியின் அழுத்தத்தின் பேரில், உள்நுழைவு விசா இல்லாத இலங்கையர்களுக்கு இடைவழி மறுப்பதற்குக் கிழக்கு ஜேர்மனி 1985 யூலையில் இணங்கியது. அதே மாதத்தில்தான் இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வணிகத்தில் கிழக்கிற்கு வழங்கப்பட்ட வட்டியில்லாக் கடனின் உச்சவரம்பை 60 கோடியிலிருந்து 85 கோடி கணக்கு அலகுகளாக உயர்த்தும் உடன்பாடும் எட்டப்பட்டது. இரண்டிற்கும் உள்ள தொடர்பு அன்றே பரவலாகப் பேசப்பட்டது. 1986 ஒக்டோபர் முதலாம் நாளிலிருந்து ஏனைய நாட்டு அகதிகளுக்கும் அவ்வழி அடைக்கப்பட்டது. எமது தலைகளின் மீது இரு அரசுகள் பேரம் பேசிய வரலாறு இது. அதே 1986 ஓகஸ்டில் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறிய 155 தமிழர்கள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நிலையில் மீட்கப்பட்டனர். ஜேர்மனியில் பாதுகாப்பாக இருந்தவர்கள் ஏன் அத்திலாந்திக் கடலில் இறங்கினார்கள் என்று அன்று பலர் வியந்தனர். ஹைம் வாழ்க்கையை அறிந்தவர்கள் வியக்கவில்லை.

1982ஆம் ஆண்டின் தஞ்ச நடைமுறைச் சட்டம், தஞ்சம் கோரியவர் தமக்கு ஒதுக்கப்பட்ட நிர்வாக மாவட்டத்தை அனுமதியின்றி விட்டு வெளியேறுவதைத் தடைசெய்தது. 'றெசிடென்ஸ்ஃபிளிக்ட்' என்று அழைக்கப்பட்ட இந்த வதிவிடக் கட்டுப்பாட்டினை முதன்முறை மீறினால் அபராதம். மீண்டும் மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை. எங்கள் அறை நண்பர்களில் ஒருவர், முப்பது கிலோமீற்றர் தொலைவிலிருந்த மற்றொரு ஹைமில் தம் ஊரவர் ஒருவரோடு ஒரு சனி இரவைக் கழிப்பதற்காகத் தொடருந்து ஏறினார். நிலையத்தில் காவல்துறையினரிடம் அகப்பட்டார். அபராதத்தைக் கட்டுவதற்கு நால்வரின் கைச்செலவுப் பணமும் போதவில்லை; பல மாதத் தவணையில் கட்டி முடித்தோம். அதன் பின்னர் வாரஇறுதி என்பது எங்களுக்கு யன்னலருகே இருந்து தொடருந்துகளைப் பார்க்கும் நாளாகவே இருந்தது. மகளின் கேள்விக்கு இதுவே விடை.

இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. இளைஞர் தங்குவிடுதி என்னும் எண்ணத்தையே உலகுக்குத் தந்தது ஜேர்மனிதான். 1909 ஓகஸ்டில் மாணவர்களோடு நடைப்பயணம் சென்ற ஆசிரியர் றிச்சார்ட் ஷிர்மான், இடிமழையில் அகப்பட்டுக் கிராமப் பள்ளியொன்றில் வைக்கோலின் மீது இரவைக் கழித்தார். வசதியற்ற பிள்ளைகளும் நாடெங்கும் சென்று தங்குவதற்கு இடங்கள் வேண்டும் என்னும் சிந்தனை அங்கே பிறந்தது. 1912இல் அல்டேனா கோட்டையில் உலகின் முதலாவது நிரந்தர இளைஞர் விடுதி உருவாயிற்று. 1933இல் நாசிகள் இவ்விடுதிகளைத் தம் இளைஞர் அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தனர் என்பதும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியே. அல்டேனா, இன்று காமாட்சி அம்பாள் கோபுரம் எழுந்து நிற்கும் ஹம் நகரைப் போலவே நோர்த்றைன் வெஸ்ற்ஃபாலன் மாநிலத்தில்தான் இருக்கிறது. எளியவரும் பயணிக்க வேண்டும் என்ற இலட்சியம் பிறந்த அதே நிலத்தில், அடுத்த ஊருக்குச் செல்வதையே குற்றமாக்கும் சட்டத்தின் கீழ் நாம் இளமையைக் கழித்தோம்.

சனிக்கிழமை காலை நாங்கள் மீண்டும் ஷோனெஃபெல்ட் சென்றோம். 2020 ஒக்டோபர் 31இல் திறக்கப்பட்ட புதிய பேர்லின் பிராண்டன்பேர்க் விமான நிலையம் அதன் அருகே பரந்து கிடக்கின்றது. நாங்கள் இறங்கிய பழைய நிலையத்தில் பயணிகள் சேவை 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மூடிய கதவுகளின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். வழியில் சென்ற ஒருவர், விமானங்கள் இப்போது அடுத்த பக்கத்தில் என்று அன்போடு வழிகாட்டினார்.

பழைய கதையை எதற்குக் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அது பழைய கதை அன்று என்பதே எனது வாதம். வதிவிடக் கட்டுப்பாடு 2015 சனவரியிலிருந்து பொதுவாக முதல் மூன்று மாதங்களாகக் குறைக்கப்பட்டது. இது அகதிகள் பல்லாண்டுகள் போராடிப் பெற்ற வெற்றி. ஆயினும், வரவேற்பு முகாமில் வதிய வேண்டியவர்களுக்கு அக்கட்டுப்பாடு தொடர்கிறது. அம்முகாம் வாழ்க்கையை 18 மாதங்கள் வரை நீட்டிப்பதற்கு 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்தது. 2021 மார்ச் இறுதியில் ஈழத்தமிழர்கள் டுசல்டோர்ஃப் விமான நிலையத்திலிருந்து கூட்டாகக் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டதை நாம் கண்ணால் கண்டோம். அதே ஆண்டில், இதே ஷோனெஃபெல்ட்டில், விமான நிலையத்தையொட்டி நுழைவு மற்றும் வெளியேற்ற மையமொன்றை அமைப்பதற்குக் கூட்டாட்சி உள்துறை அமைச்சும் பிராண்டன்பேர்க் மாநிலமும் உடன்பட்டன. அகதிகள் உரிமை அமைப்புகள் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தன. நாம் உள்ளே வந்த வாசலருகிலேயே மற்றவர்களை வெளியே அனுப்பும் வாசல் திட்டமிடப்படும்போது எமது குரல் எங்கே?

இன்னும் வேதனையானது எமக்குள்ளேயே கேட்கும் பேச்சு. 'நாங்கள் உண்மையான அகதிகள், இப்போது வருபவர்கள் காசுக்காக வருபவர்கள்' என்று கோவில் வீதியிலும் கல்யாண மண்டபத்திலும் எம்மவர் பேசுவதைக் கேட்டிருக்கின்றேன். 1980களில் எம்மைப் பார்த்தும் இதே சொற்கள்தாம் வீசப்பட்டன. பொருளாதார அகதிகள், போலி அகதிகள் என்று அரசியல்வாதிகளும் ஏடுகளும் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அன்று எமக்கு டொச்சு மொழி தெரியாதிருந்தது. அவ்வளவுதான்.

ஆகவே, மூன்று கோரிக்கைகளை எமது சமூகத்தின் முன் வைக்கின்றேன். முதலாவது, பேர்லினுக்குச் சுற்றுலா செல்லும் எமது தமிழ்ப் பாடசாலைகளும் இளையோர் அமைப்புகளும் ஷோனெஃபெல்ட்டையும் பிறீட்ரிக் ஸ்ராசே நிலையத்தையும் தம் பயணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்நிலையத்தின் அருகிலுள்ள 'கண்ணீர் மாளிகை' இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பிரிக்கப்பட்ட ஜேர்மனியக் குடும்பங்களின் துயரம் அங்கே சொல்லப்படுகிறது. அவ்வழியே வந்த எமது துயரத்தை எமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. இரண்டாவது, அக்காலத்துக் கடவுச்சீட்டுகள், வதிவிட அனுமதித் தாள்கள், அபராதக் கடிதங்கள், ஹைம் படங்கள் ஆகியவற்றைக் குப்பையில் போடாது திரட்டிப் பாதுகாக்க வேண்டும். அன்று இருபது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களது வாய்மொழிச் சாட்சியங்களைப் பதிவு செய்யக் காலம் காத்திருக்காது. மூன்றாவது, இன்று முகாம்களில் அடைபட்டிருப்போரின் நடமாட்ட உரிமைக்காக, அவர்கள் எந்த நாட்டவராயினும், எமது அமைப்புகள் வெளிப்படையாகக் குரல் கொடுக்க வேண்டும்.

ஷோனெஃபெல்ட்டில் இன்று இயங்கும் விமான நிலையம் வில்லி பிராண்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1933இல் நாசிகளிடமிருந்து தப்பி நோர்வேக்கு ஓடியவர் அவர். 1938இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவரானவர். பின்னர் இந்நாட்டின் அதிபராகி 1971இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ஓர் அகதியின் பெயர் சூட்டப்பட்ட வாசலில் அகதிகளுக்கு உரிய நீதியைக் கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

ஞாயிறு மாலை பிரியும்போது இலண்டன் நண்பர் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, அன்றைக்குக் கேட்டாயே, அதற்கு மறுமொழி சொல்லுகிறேன்" என்று தொடங்கினார். அவரது விமானம் புறப்படும் வரை அந்த உரையாடல் நீடித்தது. எமது இல்லங்கள் ஒவ்வொன்றிலும் அவ்வுரையாடல் தொடங்கப்பட வேண்டும் என்பதே எனது விருப்பமாகும்.