நம்ம ஊருக்கு எதுக்குங்க ஃபால் கலெக்‌ஷன்?

செப்டம்பர் பொறந்தா போதும், இன்ஸ்டா முழுக்க 'ஃபால் அவுட்ஃபிட்' ரீல்ஸ்தான். பிரவுன் கலர்ல ஒரு டர்ட்டில் நெக், அதுக்கு மேல முட்டி வரைக்கும் ஒரு கோட், கையில காபி கப், பின்னாடி மஞ்சளும் சிவப்புமா உதிர்ந்து கிடக்குற மேப்பிள் இலை. இதைப் பார்த்து லைக் போடுற நாம எங்க இருக்கோம்? ஹாஸ்டல் ரூம்ல, கடகடன்னு சத்தம் போடுற ஃபேனுக்குக் கீழ, பனியன் முதுகுல ஒட்டிக்கிட்டு. ஜன்னலுக்கு வெளிய இருக்குற வேப்பமரம் ஒரு இலையைக்கூட உதிர்க்குற ஐடியாவில இல்லை.

நல்லா டிரஸ் பண்றதுக்கு நான் எதிரி இல்லைங்க. சொல்லப்போனா, காலையில எட்டு மணி கிளாஸுக்குக்கூட ஷர்ட்டை அயர்ன் பண்ணிப் போடுற ஆள் நான். என் பிரச்சினை வேற. ஸ்டைல்னா என்னங்கிறதை நாம நாலு சீசன் இருக்குற ஊர்க்காரங்க கிட்ட இருந்து அப்படியே தூக்கிட்டு வந்துட்டோம். ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர். இதுல மூணு நமக்குக் கிடையவே கிடையாது. சென்னையில ஜனவரி மாச ராத்திரியிலகூட வெப்பநிலை 20 டிகிரிக்குப் பக்கத்துலதான் நிக்கும். லண்டன்காரங்களுக்கு அது டி-ஷர்ட் வெதர். அதே சென்னை 2003 மே மாசக் கடைசியில 45 டிகிரியைப் பார்த்த ஊர்.

நமக்கு சீசனே இல்லைன்னு சொல்ல வரலை. ஸ்கூல்ல தமிழ் பாடத்துல பெரும்பொழுது ஆறுன்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நான் ரெண்டு மார்க்குக்காகப் படிச்சு, எக்ஸாம் ஹாலை விட்டு வெளிய வந்ததும் மறந்துட்டேன். இப்போ எடுத்துப் பார்த்தா, அது அசத்தலான வார்ட்ரோப் கேலண்டர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். அதாவது இன்ஸ்டாக்காரங்க ஃபால்னு சொல்ற மாசங்கள்ல நம்ம ஊர்ல விழுறது இலை இல்லை, மழை. தமிழ்நாட்டோட வருஷ மழையில ஏறக்குறைய பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வடகிழக்குப் பருவமழையா கொட்டித் தீர்க்குது. நமக்கு வேண்டிய 'ஃபால் அவுட்ஃபிட்' வீடியோவுக்கு ஒரே தலைப்புதான்: 'நாளைக்குள்ள காயுமா?'

ஹாஸ்டல்ல இருக்குறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நவம்பர்ல ஒரு ஜீன்ஸைத் துவைச்சுப் போட்டா மூணாவது நாளும் இடுப்புப் பட்டி ஈரமா இருக்கும், பாக்கெட் உள்பக்கம் ஒரு நாத்தம் வரும். காரணம் ரொம்ப சிம்பிள், துணியோட எடை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு சொல்றதுதான் ஜிஎஸ்எம். சாதா டி-ஷர்ட் 160 முதல் 180 இருக்கும். ஹூடி 300 பக்கம் வரும். கனமான டெனிம் 400-ஐத் தாண்டிடும். துணி எவ்வளவு கனமோ அவ்வளவு தண்ணியைக் குடிக்கும், அவ்வளவு நேரம் எடுத்துக் காயும். அதனால மழைக்காலத்துல ஜீன்ஸை மூட்டை கட்டிடுங்க. பாலியஸ்டர் கலந்த மெல்லிசு பேன்ட், கணுக்காலுக்கு மேல நிக்குற நீளம், அடர் நிறம். பலாசோ போட்டுக்கிட்டு மழையில பஸ் ஸ்டாண்டைக் கடந்தவங்களுக்குத் தெரியும், அந்த விளிம்பு எத்தனை சேத்தை வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்னு. ஷூவை விட்டுட்டு ரப்பர் செருப்புக்கு மாறுங்கன்னு சொல்ல ஆசைதான். கேட்ல நிக்குற செக்யூரிட்டி அண்ணா அதுக்கு ஒத்துக்க மாட்டார்.

வெயிலுக்கு வருவோம். அதுதான் நம்ம மெயின் சீசன், மத்ததெல்லாம் இன்டர்வெல். ஒடம்பு சூட்டைக் குறைக்குறதுக்கு நமக்கு இருக்குற பெரிய மெஷின் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியா மாறுறப்போ சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போகும். தெர்மோடைனமிக்ஸ்ல லேட்டன்ட் ஹீட்னு படிச்சோமே, அதேதான். ஆனா அந்த வியர்வை ஆவியாகணும், அதுக்குத் துணி வழிவிடணும். 65 சதவீத ஈரப்பதம் இருக்குற காத்துல காட்டன் தன் எடையில சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். கிரவுண்டுல ஓடுறப்போ காத்து அடிக்கும், ஜெர்சிக்கு அது ஓகே. கரன்ட் போன கிளாஸ்ல, கடைசி பெஞ்ச்ல, அறுபது பேருக்கு நடுவுல ஒரு மணி நேரம் அசையாம உட்காரும்போது அதே பாலியஸ்டர் பிரஷர் குக்கர்.

ஆன்லைன்ல 'சம்மர் ஷர்ட்'னு பூவும் பனைமரமும் போட்டு முந்நூறு ரூபாய்க்கு விக்குறாங்களே, அதோட லேபிளை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. பாதிக்கு மேல நூறு சதவீதம் பாலியஸ்டர்தான் வருது. படம் மட்டும்தான் சம்மர். துணி சம்மர் இல்லை.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் தர்ற ஒரு விஷயம் இருக்கு. அமெரிக்காவுல கோடைக்காலம்னா போடுற கிளாசிக் துணிகள்ல ஒண்ணோட பேரே 'மெட்ராஸ்'. மெல்லிசான காட்டன், பல கலர் கட்டம். கைலி பார்த்திருக்கீங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான். போன நூற்றாண்டு நடுவுல அவங்க இங்க இருந்து இறக்குமதி பண்ணி ஷர்ட்டும் ஷார்ட்ஸும் தைச்சாங்க. துவைக்கத் துவைக்க சாயம் போச்சு. அந்தக் குறையையே 'கண்டிப்பா சாயம் போகும்'னு பெருமையா விளம்பரம் பண்ணி வித்தாங்க. நாம என்ன பண்றோம்? ராத்திரி மெஸ்ஸுக்குக் கைலியில போறோம். அதே கட்டத்துல ஒரு ஷர்ட் போட்டு கிளாஸுக்குப் போகச் சொன்னா 'அங்கிள் மாதிரி இருக்கும் மச்சி'ங்குறோம். அதையே ஒரு வெள்ளைக்காரர் கலிஃபோர்னியா பீச்ல போட்டு ரீல் போட்டா சேவ் பண்ணி வைக்குறோம்.

ஹூடியும் அதே கதைதான். நாம வாங்குற எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் ஹூடி பலதும் திருப்பூர்ல தைச்சது. ஐரோப்பாக்காரங்க குளிருக்குன்னு ஆர்டர் கொடுத்ததை, அவங்களுக்குக் குளிர் வர்றதுக்கு முன்னாடியே கப்பல்ல ஏத்தணும்ங்கிறதால, நம்ம வெயில்ல உட்கார்ந்து நம்ம அக்கா, அண்ணன்கள் தைக்குறாங்க. மிச்சமானது காதர்பேட்டை கடைகளுக்கு வரும், அங்க இருந்து நம்ம முதுகுக்கு வரும். ஊட்டி, கொடைக்கானல்ல படிக்குற நண்பர்களே, நீங்க தாராளமாப் போடுங்க, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. மத்தவங்க காதர்பேட்டைக்குப் போனா ஹூடி குவியலைத் தாண்டி, 160 ஜிஎஸ்எம் காட்டன் டி-ஷர்ட் குவியலுக்குப் போங்க. கோ-ஆப்டெக்ஸ்ல கைத்தறி காட்டன் ஷர்ட்டுக்கும் துணிக்கும் தள்ளுபடி போடுற நேரம் பார்த்து ஒரு எட்டு போய்ட்டு வாங்க. சுங்குடிச் சேலையை வெட்டிக் குர்த்தி தைச்சுப் போட்டுட்டு வர்ற ஒரு பொண்ணு எங்க பேட்ச்ல இருக்கா. ஏப்ரல் மாசம் மொத்த கிளாஸும் வாடி வதங்கி இருக்குறப்போ அவ மட்டும் அப்போதான் குளிச்சுட்டு வந்த மாதிரி இருப்பா. ஸ்டைல்னு கேட்டா நான் அவளைத்தான் காட்டுவேன்.

கலரைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடுறேன். இப்போ 'நீ எந்த சீசன்'னு ஒரு டிரெண்ட் ஓடுது. முகத்துக்குப் பக்கத்துல கலர் கலரா துணியைப் பிடிச்சு, நீ 'சாஃப்ட் ஆட்டம்', நீ 'லைட் ஸ்பிரிங்'னு முத்திரை குத்துறது. எண்பதுகள்ல அமெரிக்காவுல ஹிட்டான ஐடியா, கொரியா வழியா ரவுண்டு அடிச்சு இப்போ நம்ம ஃபோனுக்கு வந்திருக்கு. நம்ம ஊர் மாநிறத்தையும் கருப்பையும் அந்த நாலு டப்பாவுல எங்கேயாவது ஒரு மூலையில திணிக்குறாங்க. ஏற்கெனவே சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து 'உன் கலருக்கு மஞ்சள் வேணாம், சிவப்பு வேணாம்'னு பாதி கலரைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. மிச்சத்தை ஃபில்டர் பிடுங்குது. மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து நீலம் இதெல்லாம் நம்ம தோலைப் பார்த்துப் பார்த்தே நம்ம நெசவாளிங்க சேர்த்த கலர். வெயில் நாள்ல அது வெளிர் நிறமா இருந்தா சூடு கம்மியா இழுக்கும், அவ்வளவுதான் கணக்கு.

இதெல்லாம் நம்ம கையில இருக்குற விஷயம். இனிமே சொல்லப்போறது நம்ம கையில இல்லாதது, அதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே. பிளேஸ்மென்ட் டிரஸ் கோடு.

ஆகஸ்ட்ல டிரைவ் ஆரம்பிச்சிடும். மெயில் வரும்: முழுக்கை ஷர்ட், டை, பிளேசர், லெதர் ஷூ. பொண்ணுங்களுக்கும் பிளேசர். காலையில ஏழரைக்கு ரிப்போர்ட்டிங். ஆடிட்டோரியத்துல ஏசி கம்பெனிக்காரங்க வந்த பிறகுதான் போடுவாங்க. அது வரைக்கும் முந்நூறு பேர் கருப்பு பாலியஸ்டர் கோட்டுல வேகணும். முதல் தலைமுறையா காலேஜுக்கு வந்த பசங்க எத்தனை பேர் நம்ம கூடப் படிக்குறாங்க? ஒரு கோட்டுக்கு ரெண்டாயிரம், மூவாயிரம். ஒரு மாச மெஸ் பில் அது. வீட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேட்கத் தயங்கி, விங்ல ஒரு கோட்டை அஞ்சு பேர் மாத்தி மாத்திப் போடுறாங்க. முதல் ஆள் இன்டர்வியூ முடிச்சு வெளிய வந்து வியர்வையோட கழட்டிக் கொடுக்க, அடுத்த ஆள் அதை மாட்டிக்கிட்டு உள்ள போறான். தோள் அளவு பத்தாம கையைத் தூக்க முடியாது. இதுல 'பாடி லாங்குவேஜ் ஃப்ரீயா இருக்கணும்'னு ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்ததை வேற ஞாபகம் வச்சுக்கணும்.

'கோட் போட்டாதான் கான்ஃபிடன்ஸ் வரும்'னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கலாம். வேணும்னா போடட்டும், நான் தடுக்கலை. கட்டாயம்னு சொல்றதுதான் ஏன்னு கேக்குறேன். நம்மளை இன்டர்வியூ பண்ண வர்ற எச்ஆர் அண்ணா, அக்காவெல்லாம் என்ன போட்டுட்டு வர்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? கம்பெனி லோகோ போட்ட காலர் டி-ஷர்ட், ஸ்னீக்கர்ஸ்.

ஒழுக்கமா இருக்குறதுக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நம்மளைவிட ஸ்ட்ரிக்டான இடங்களே ஒத்துக்கிட்டாச்சு. ஃபார்மல்ஸுக்குப் பேர் போன ஜப்பான்ல 2005-லேயே அரசாங்கம் 'கூல் பிஸ்'னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. கோடையில ஆபீஸ் ஏசியை 28 டிகிரியில வைங்க, டையும் கோட்டும் வேணாம்னு சுற்றுச்சூழல் அமைச்சகமே சொல்லுச்சு. அப்போ பிரதமரா இருந்த கொய்சுமியே டை இல்லாம வந்து நின்னார். நம்ம நாட்டுல வக்கீலுக்குக் கருப்புக் கோட்டைவிட அடையாளம் உண்டா? வெயில் காலத்துல, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர மத்த கோர்ட்டுல, அது கட்டாயம் இல்லைன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. 2014-ல சென்னையில ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ள விடலை. அது பெரிய பிரச்சினையாகி, வேட்டிக்குத் தடை போடக்கூடாதுன்னு சட்டசபையில சட்டமே கொண்டு வந்தாங்க. நான் வேட்டியில இன்டர்வியூ போகணும்னு கேக்கலை, பைக்ல பின்னாடி உட்கார்ந்து போறது கஷ்டம். ஒரு நல்ல காட்டன் ஃபுல் ஹேண்ட் ஷர்ட், பொருத்தமான பேன்ட், சுத்தமான ஷூ. அல்லது காட்டன் சல்வார், காட்டன் சேலை. இது போதாதா?

இந்த வருஷ பிளேஸ்மென்ட் ரெப்ஸ் இதைப் படிச்சா, அடுத்த டிரைவ் மெயில் போறதுக்கு முன்னாடி பிளேஸ்மென்ட் ஆபீஸர் சார்கிட்ட ஒரு வரி கேட்டுப் பாருங்க. 'டை, பிளேசர் விருப்பம் இருந்தா மட்டும்.' எந்தக் கம்பெனியாவது கோட்டு வேணும்னு எழுதிக் கேட்டா அன்னைக்கு மட்டும் போட்டுக்கலாம். நான் பார்த்த வரைக்கும் கம்பெனி அனுப்புற மெயில்ல அப்படி ஒண்ணும் இருந்ததில்லை.

அது வரைக்கும், தேர்டு இயர் மக்களே, அவசரப்பட்டு கோட் வாங்கிடாதீங்க. எங்க ஃப்ளோர்ல மட்டும் நாலு கோட் அலமாரியில தூங்குது. 38-ல இருந்து 42 வரைக்கும் சைஸ் இருக்கு. வந்து எடுத்துக்கோங்க, டிரை வாஷ் பண்ணித் திருப்பிக் கொடுத்தாப் போதும்.