'தோட்டக்காட்டான்'

சென்ற தவணை நம் வகுப்பில் ஒரு மாணவன் மற்றொருவனைத் 'தோட்டக்காட்டான்' என்று ஏசினான். ஏசப்பட்டவனும் அனலைதீவிலேயே பிறந்தவன்; சட்டைத் தெறியை மாறிப் பூட்டி வந்ததுதான் அவன் செய்த குற்றம். கண்டித்தோம். "சும்மா ஒரு சொல்தானே, சேர்" என்றான். ஆசிரியர் அறையிலும் அதுவே தீர்ப்பு: அஃது இடப்பெயர்; வட்டார வழக்கு; தமிழ் படித்தவர் இதைப் பெரிதுபடுத்தலாமா? தமிழ் படித்ததனாலேயே பெரிதுபடுத்துகிறோம்.

இடத்தாற் பெயர் பெறுதல் இழிவன்று. நன்னூலார் வகுத்த அறுவகைப் பெயருள் அதுவும் ஒன்று. சங்கப் புலவர்க்கு மலைநிலத் தலைவன் வெற்பன், சிலம்பன். அதே மலையிற் கொழுந்து பறிப்பவன் மட்டும் 'காட்டான்' ஆனது எவ்வாறு? 'தோட்டம்' என்ற சொல்லிலும் பழுதில்லை. நம் தீவிற் புகையிலை நட்டவர் "தோட்டம் செய்கிறேன்" என்று நிமிர்ந்தே சொல்வார். அவருடைய தோட்டம் அவருக்குச் சொந்தம்; மலைநாட்டான் உழைத்த தோட்டம் துரைக்குச் சொந்தம். வேறுபாடு இவ்வளவே. ஆகவே இஃது இடப்பெயர் அன்று. நிலமில்லாதவனுக்கு நிலமுடையவன் இட்ட பெயர்.

'காடு' வந்த கதையோ இன்னும் கொடிது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காக அழைத்து வரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கி வனத்தினூடே நடந்தார்கள். வழியில் மாண்டோர் பலர். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களும் அவர்களே. 1867இல் தேயிலை தொடங்கிய பின்னும் அவர்கள் உழைப்பிலேயே நாடு தின்றது. நம் தீவக முதலாளிமார் மலைநாட்டு நகரங்களிற் கடை விரித்ததும் தோட்டத்துச் சம்பள நாளை நம்பியன்றோ!

1948இல் குடியுரிமை போயிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. கூலியைக் குறித்த சொல் அன்றுமுதல் நாடற்றவனையும் குறித்தது. 1964இல் இரு பிரதமர்கள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பதென்று ஒத்திவைத்தார்கள். அக்கரை சென்றவர்களுக்கு அங்கே 'சிலோன்காரன்' என்ற பெயர் காத்திருந்தது. 1977இன் வன்செயலுக்கு அஞ்சி வன்னிக்கு வந்தவர்கள் கிளிநொச்சியில் நெல் விதைத்தார்கள். தோட்டம் அவர்களை விட்டது, சொல் விடவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்த பின்னும், தேயிலைச் செடியையே காணாத பேரப்பிள்ளையின் கலியாணப் பேச்சில் அச்சொல் தாழ்ந்த குரலில் வந்து நிற்கிறது. இன்று நம் மாணவன் வாயில் அது 'நாகரிகம் அறியாதவன்' என்று மட்டுமே பொருள்படுகிறது. பொருள் தேய்ந்ததால் நஞ்சும் தேய்ந்தது என்பார் உளர். யாரைக் குறித்தது என்பதே மறந்துபோகுமளவுக்கு ஒரு கூட்டத்தின் பெயரை அறியாமைக்கு மறுபெயராக்கியதைத் தேய்வு என்று நாம் கொள்ளமாட்டோம்.

நம்மவர் ஊர்காவற்றுறையில் இறங்கி யாழ்ப்பாணப் பட்டினம் போனால் அங்கே அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு: 'தீவான்.' அதுவும் இடப்பெயரே. அதுவும் வட்டார வழக்கே. அதைக் கேட்டு, "சும்மா ஒரு சொல்தானே" என்று சிரித்துக்கொண்டு திரும்பிய தீவார் ஒருவரையேனும் நாம் இதுவரை கண்டதில்லை.