பாட்டி ஆண்ட ராஜ்யம்

சென்ற மாதம் பதினைந்து நாள் நான் ஒரு தேசத்தை ஆண்டேன் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? எங்கள் வீட்டுக்காரரே முதலில் நம்பவில்லை. "அடுப்படியை ஆள்வது போதாதென்று தேசம் வேறேயா?" என்று கேட்டுவிட்டுப் பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக் கொண்டார்.

விஷயம் இதுதான். கல்லூரி விடுமுறைக்கு வந்த பேத்தி, கம்ப்யூட்டரில் 'விக்டோரியா 3' என்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள். ஸ்டாக்ஹோம் நகரத்துக் கம்பெனி ஒன்று 2022-ல் வெளியிட்டது. பரமபதம் மாதிரி அரை மணியில் முடிகிற சமாசாரம் அல்ல. 1836 ஜனவரி முதல் தேதி ஆரம்பித்து 1936 வரை, நூறு வருஷ ஆட்டம்! உலகப் படத்தில் ஒரு தேசத்தைப் பொறுக்கிக் கொண்டால், அதன் வரி, தோட்டம், தொழிற்சாலை, பட்டாளம், சட்டம் எல்லாம் நம் கையில்.

"இங்கிலாந்தை எடுத்துக்கோ பாட்டி, சுலபமா ஜெயிக்கலாம்" என்றாள் பேத்தி.

எனக்கு அது ரசிக்கவில்லை. பெரிய வீட்டில் குடித்தனம் செய்ய யாருக்குத்தான் தெரியாது? ஒற்றைச் சம்பளத்தில் எட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்டவள் நான்! "சின்னதாக ஒன்று கொடு" என்றேன். அவள் மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோரத்தில், கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய ஒரு துண்டைக் காட்டினாள். அதன் பெயர் டஹோமி.

இன்றைக்குப் பெனின் என்று சொல்கிறோமே, அந்த நாட்டின் தென் பகுதி அது. 1836-ல் அங்கே அபோமே நகரத்திலிருந்து கெஸோ என்ற அரசர் ஆண்டு கொண்டிருந்தார். அவருடைய பட்டாளத்தில் ஆயிரக்கணக்கில் பெண் சிப்பாய்கள்! ஊர் பாஷையில் அவர்களை "எங்கள் தாய்மார்" என்று அழைத்தார்களாம். கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. "இதுதான் நம்ம ராஜ்யம்!" என்று உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகல்லவா தெரிந்தது! கஜானாவில் காசு இல்லை. ஜனங்களில் பெரும்பாலோர் தங்கள் வயிற்றுக்குப் பயிர் செய்து கொள்கிறவர்கள். விற்க மிச்சமில்லை, அதனால் வரியும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு கட்டடம் எழும்புவதற்குள் எனக்கு இரண்டாவது காபி ஆறிப் போகிறது. இதற்கு மேல் ஓர் அவமானம்: வல்லரசுகள் நம்மை ஒரு தேசமாகவே அங்கீகரிப்பதில்லை. கல்யாண வீட்டில் ஏழைச் சம்பந்தியை நடத்துகிற மாதிரிதான்.

ஆனால் ஒரு காவல் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கொசுதான்! மலேரியா உள்ள பிரதேசங்களில், கொயினா மருந்து வரும் வரை ஐரோப்பியரின் குடியேற்றம் நத்தை வேகத்தில்தான் நகரும் என்று ஆட்டத்திலேயே விதி. சரித்திரமும் அப்படித்தான். 1854-ல் பெய்க்கி என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் நைஜர் நதியில் கப்பலில் போனபோது எல்லோருக்கும் கொயினா கொடுத்தார். காய்ச்சலுக்கு ஒருவரும் பலியாகாமல் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் உள்நாட்டின் கதவு திறந்தது. ஆகவே கொசு காவல் காக்கிற வரைக்கும்தான் எனக்கு அவகாசம்.

சட்டங்கள் பக்கத்தைத் திறந்தேன். அதில் அடிமை முறை என்று ஒரு தலைப்பு இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ராஜ்யத்திலா? ஆமாம். டஹோமியின் செல்வமே அண்டை ஊர்களில் மனிதர்களைப் பிடித்து வந்து, வீதா துறைமுகத்தில் விற்பதில்தான் இருந்தது. அந்த ஒரு துறைமுகத்திலிருந்து மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேற்றப்பட்டார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். நான் மெச்சிக் கொண்டேனே, அந்தத் தாய்மாரும் பிடித்து வந்தவர்களில் சேர்த்திதான்.

முதல் வேலையாக "ஒழித்தேன்!" என்று உத்தரவு போட்டேன். நிலப்பிரபுக்கள் கொதித்து எழுந்தார்கள். கலகம், உள்நாட்டுப் போர். ஆறு மாதத்தில் மகாராணிக்குச் சிம்மாசனம் போயிற்று.

"பாட்டி, அவசரப்படறே. முதல்லே கஜானா நிரம்பட்டும். அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் பேத்தி.

நியாயமாகத்தான் பட்டது. மறுபடி 1836-லிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை சமர்த்தாக இருந்தேன். கடன் வாங்கித் தோட்டம் போட்டேன். அக்கம்பக்கத்தில் இளைத்தவன் ஒருவனை மடக்கினேன். 1850 வந்தது, 1860 வந்தது, வருமானம் ஏறிற்று. ஜனத்தொகைப் பக்கத்தில் 'அடிமைகள்' என்று ஒரு வரி, அதற்கு நேரே ஓர் எண். அந்த எண் கூடினால் தோட்டத்துக்கு ஆள் கிடைத்ததென்று திருப்தி, குறைந்தால் கவலை. ஆமாம், நான்தான்!

1890-க்குச் சற்று முன்பு பிரெஞ்சுக்காரர் வந்து, "எங்கள் ஆதிக்கத்தை ஏற்றுக்கொள்" என்றார்கள். யுத்தத்துக்கு முன் பேரம் பேசச் சில நாள் அவகாசம் உண்டு. கணக்குப் பார்த்தேன், பணிந்தேன். நிஜத்தில் பெஹான்ஸின் என்ற அரசர் பணியவில்லை. 1892-ல் பிரெஞ்சுப் படை அபோமேயை நெருங்கியபோது தம் அரண்மனைகளுக்கே தீ வைக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். 1894-ல் சரணடைந்து நாடு கடத்தப்பட்டு, 1906-ல் அல்ஜீரியாவில் இறந்தார். அந்த அரண்மனையிலிருந்து போன 26 பொருள்களைப் பிரான்ஸ் 2021-ல்தான் திருப்பிக் கொடுத்தது.

"ராஜ்யம் போனால் போகட்டும். பாட்டி, நீ கடைசி வரைக்கும் அந்தச் சட்டத்தை மாத்தவே இல்லையே?" என்றாள் பேத்தி.

எனக்குச் சுருக்கென்றது. மறந்தே போயிருந்தேன்!

அன்று இரவு அவளைக் கெஸோவின் கதையைப் படித்துச் சொல்லச் சொன்னேன். 1848-லிருந்து 1850 வரை ஆங்கிலத் தூதர்கள் மாறி மாறிப் போய், அடிமை வாணிபத்தை விட்டுவிடும்படி கேட்டார்கள். அவர், பட்டாளமும் வருமானமும் அதை நம்பித்தான் இருக்கின்றன, சட்டென்று விட முடியாது என்று நாள் கடத்தினார். ஆங்கிலக் கப்பல்கள் கரையை முற்றுகையிட்ட பிறகு 1852-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பனை எண்ணெய் வியாபாரமும் வளர்ந்தது. ஆனால் சில வருஷங்களில் பழைய வாணிபமும் திரும்பிவிட்டது. கேட்கக் கேட்க, என் குரலே எனக்குக் கேட்டது. "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்."

அந்த 'அப்புறம்' யார் தலையில் விடிந்தது? கொஸ்ஸோலா என்று ஒரு பிள்ளை. பத்தொன்பது வயது இருக்கும். 1860-ல் ஒரு விடியற்காலை டஹோமிப் படை அவன் ஊருக்குள் புகுந்தது. அகப்பட்டவர்களை வீதாவுக்கு நடத்திக் கொண்டு போய்க் கொட்டடியில் அடைத்தார்கள். சுமார் 110 பேரை ஏற்றிக் கொண்டு 'க்ளோட்டில்டா' என்ற கப்பல் அமெரிக்காவின் அலபாமா கரைக்குத் திருட்டுத்தனமாகப் போயிற்று. அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கொண்டு வருவது 1808-லேயே சட்டப்படி தடுக்கப்பட்டுவிட்டது. அங்கே கடைசியாகப் போன அடிமைக் கப்பல் என்று அறியப்படுவது இதுதான். 1865-ல் விடுதலை கிடைத்தது. ஊருக்குத் திரும்ப ஆசை. கப்பல் கூலிக்குப் பணம் இல்லை. கூட வந்தவர்கள் சேர்ந்து அங்கேயே நிலம் வாங்கி, 'ஆப்பிரிக்கர் ஊர்' என்று பெயர் வைத்து வாழ்ந்தார்கள். கிழவரான பிறகு ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற எழுத்தாளப் பெண்மணி அவரைத் தேடிப் போய்க் கதை கேட்டார். புகைப்படம் எடுக்க வேண்டும் என்றதும், கிழவர் நல்ல உடுப்பாகப் போட்டுக் கொண்டு, பாதரட்சையை மட்டும் கழற்றிவிட்டு வந்தாராம். ஊரில் இருந்த மாதிரியே படத்தில் இருக்க வேண்டும் என்று!

அவர் இறந்தது 1935-ல். ஆட்டம் முடிகிற 1936-க்கு ஒரே ஒரு வருஷம் முன்பு. நான் காபி குடித்துக் கொண்டே ஓட்டினேனே, அந்த நூறு வருஷத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு மனிதர் வீட்டு நினைப்போடு உட்கார்ந்திருந்திருக்கிறார். என் கம்ப்யூட்டரில் அவர் அந்த வரியில் இருந்த எண்ணிலே ஒன்று.

ஆட்டத்தைச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. மூடி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் புத்தி எப்படிப் போகும் என்பதை, ஐம்பது புத்தகம் படித்தாலும் எனக்கு இப்படி உறைத்திருக்காது.

மூன்றாம் தடவை ஆடினேன். இம்முறை அவசரமும் படவில்லை, தள்ளியும் போடவில்லை. பள்ளிக்கூடம் வைத்தேன், குமாஸ்தாக்களைச் சேர்த்தேன், நிலப்பிரபுக்களின் செல்வாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு வருஷமும் அந்தச் சட்டத்துக்காக ஏதாவது ஒரு காரியம். 1857-ல் நிறைவேறிற்று, முணுமுணுத்தார்கள், கலகம் இல்லை. வருமானம் சரிந்தது உண்மை. பிரெஞ்சுக்காரரும் முன்னைவிடச் சீக்கிரமே வந்து சேர்ந்தார்கள், ராஜ்யம் போயிற்று. ஆனால் அந்த வரிக்கு நேரே பூஜ்யம் இருந்தது.

"தோத்துட்டியே பாட்டி!" என்றாள் பேத்தி. இருக்கட்டும்.

அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாதுதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் பொங்கலிலிருந்து சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுக் கொண்டிருந்தாள். "அப்புறம் பார்க்கலாம்" என்றே சொல்லி வந்தேன். மறுநாள் காலையில் அவள் வந்ததும் தேதியைச் சொல்லிவிட்டேன்: வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள்.