நாணயமும் நாணய சங்கமும்

நமது மொழியில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையிலுள்ள காசும் நாணயம்; சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். கிராமத்தில் கடன் கொடுக்கும் சங்கத்திற்கு முற்காலத்தில் ஐக்கிய நாணய சங்கம் என்று பெயர் வழங்கியது இரண்டு பொருளுக்கும் பொருந்தும். நேர்மையாகிய நாணயம் போன இடத்தில் காசாகிய நாணயம் நில்லாது. குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுவே.

பாங்கி என்பது தன் சொந்த முதலை மாத்திரம் கொண்டு நடைபெறுவதன்று. பிறர் நம்பி வைத்த பணமே அதில் பெரும்பகுதி. பணம் வைத்தவர் அனைவரும் ஒரே நாளில் வந்து கேட்பாராயின், எத்தனை பெரிய பாங்கியும் தாங்காது. ஆகையால் பொதுஜன நம்பிக்கையே அதற்கு அஸ்திவாரம்.

சென்னையில் மிக்க கௌரவத்துடன் விளங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் முறிந்தது. லண்டனிலிருந்த கூட்டாளி ஊக வியாபாரங்களில் பணத்தை முடக்கியதை இங்கே பணம் வைத்தவர்கள் அறியார். ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை அடைந்தார். ஆயினும் இழந்தவர் இழந்தவரே. அவர்கள் கம்பெனியின் பெயரைப் பார்த்தனர், கணக்கைப் பார்த்தாரில்லை. நூறு வருஷத்திற்குப் பின், 2012-ம் வருஷத்தில், பெருந்துறைப் பக்கத்து ஈமுப் பறவைத் திட்டத்தை நம்பி முன்பணம் கட்டிய விவசாயிகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

இதற்கு மாறான வழியை ஸர் பிரடரிக் நிக்கல்ஸன் 1890-களில் ஆராய்ந்து எழுதினார். ஜெர்மனி தேசத்து ராய்பைசன் முறையைப் பின்பற்றி, ஒரே ஊரார், ஒருவரையொருவர் நன்கறிந்தவர், சேர்ந்து சங்கம் அமைக்க வேண்டுமென்பது அவர் கருத்து. 1904-ல் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டது. அவ்வருஷமே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தோன்றியது. கடன் வாங்குபவன் யோக்கியதையும் கணக்கின் உண்மையும் ஊராருக்குத் தெரியும் என்பதே அம்முறையின் பலம்.

1995 வரை திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வானம் பார்த்த பூமி மிகுதி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவற்றின் பணம் அறுவடையின்போதுதான் கைக்கு வரும். செலவோ விதைக்கும்போதே வந்துவிடும். இதனால் பலர் வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவர் சொன்ன விலைக்கே விளைவைக் கொடுக்கின்றனர். அவ்வட்டி எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. எடையிலும் விலையிலும் மறைந்திருக்கிறது. கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்தினால் வட்டியே இல்லையென்று ஒரு பருத்திக் குடியானவருக்கு எடுத்துச் சொன்னேன். "வியாபாரி கணக்கு எனக்குத் தெரியும்; சங்கத்துக் கணக்கு எனக்குத் தெரியாதே, ஐயா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமற் போகவில்லை.

பாங்கியில் வைத்த பணத்திற்கு 2020 முதல் ஒருவருக்கு ரூ. 5 லட்சம் வரை இன்ஷ்யூரன்ஸ் உண்டு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைக்கும் டிபாசிட்டுக்கு அது கிடையாது. அங்கே அங்கத்தினரின் கண்ணே இன்ஷ்யூரன்ஸ். பொதுக்கூட்டத்திற்குப் போகாமல் வீட்டில் இருந்துகொண்டு, பிறகு சங்கம் கெட்டதென்று வருந்துவது, வேலி அடைக்காமல் வெள்ளாமை போயிற்றென்று அழுவதை ஒக்கும்.

ஆகையால் சங்கத்தார் வரவு, செலவு, பாக்கி மூன்றையும் ஊரார் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். அங்கத்தினரும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு வாங்கி, தவணை தவறாமல் செலுத்த வேண்டும். ஒருபுறம் மாத்திரம் நாணயம் இருந்தால் சங்கம் நிலைக்காது. வருகிற பொதுக்கூட்டத்திற்கே குடியானவர்கள் தவறாது செல்வார்களாக.