பையனை விடுங்கள், பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்
கரோலினா பான்தர்ஸ் ரசிகர்களின் கோரிக்கைச் சாசனம்

சார்லட், ஜனவரி 2024

அணி உரிமையாளர் திரு. டேவிட் டெப்பர் அவர்களுக்கும், வரப்போகும் பொது மேலாளருக்கும், பயிற்சியாளருக்கும்:

இந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களில் 2 வெற்றி, 15 தோல்வி. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் 32 அணிகளில் கடைசி இடம். கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட இல்லை: ஜாக்சன்வில்லில் 26-0, சொந்த மைதானத்தில் டாம்பா பேயிடம் 9-0. தோல்வி எங்களுக்குப் புதிதல்ல. 2017 பருவத்துக்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே நாம் போனதில்லை. ஆனால் இத்தனை தோல்விக்கும் பழி, கல்லூரியிலிருந்து நேரே வந்த 22 வயது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரைஸ் யங்கின் தலையில் விழுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

அவரை வாங்கக் கொடுத்த விலையை நினைவூட்டுகிறோம். 2023 மார்ச்சில், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் தேர்வுக்காகச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு அந்த ஆண்டின் 9ஆம், 61ஆம் தேர்வுகள், 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, போதாததற்கு நம் சிறந்த பந்துபிடிப்பாளர் டி.ஜே. மூர். நாம் கடைசி இடத்துக்குப் போனதால் அந்த 2024 தேர்வு இப்போது லீகின் முதல் தேர்வாகிவிட்டது. அதுவும் சிகாகோவுக்கே. மூர் அங்கே 1,364 கெஜம் குவித்தார். இங்கே யங் நம்பி எறிய இருந்தவர் 33 வயது ஆடம் தீலன் ஒருவர்தான்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, எறிபவரைக் காக்கும் முன்வரிசையைச் சரிசெய்யுங்கள். யங் இந்தப் பருவத்தில் 62 முறை பந்தை எறியும் முன்பே தரையில் சாய்க்கப்பட்டார். எறிய இடம் தேடி நிமிர்வதற்குள் எதிராளி மேலே விழுந்தால் எந்தத் திறமை என்ன செய்யும்? 2002இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸும் தன் குவார்ட்டர்பேக்கை இப்படித்தான் காவலின்றி விட்டது. முதல் தேர்வாக எடுத்த டேவிட் கார் அந்த ஒரே பருவத்தில் 76 முறை சாய்க்கப்பட்டார். அவர் எதிர்பார்த்த உயரத்தை எட்டவே இல்லை. 2007இல் அவர் நம் அணிக்கே மாற்று ஆட்டக்காரராக வந்தபோது அந்தக் கதையை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். கையிலிருக்கும் பணத்தையும் மிச்சமிருக்கும் தேர்வுகளையும் முதலில் யங்கைக் காக்கும் ஆட்களுக்குச் செலவிடுங்கள். பந்துபிடிப்பாளர்கள் அடுத்தபடியாக வரட்டும்.

இரண்டாவது, பயிற்சியாளரை நிலைக்க விடுங்கள். 2018இல் நீங்கள் அணியை வாங்கியதிலிருந்து ரான் ரிவேரா, மேட் ரூல், ஃபிராங்க் ரைக் மூவரையும் பருவம் முடியும் முன்பே அனுப்பிவிட்டீர்கள். ரைக்குக்குக் கிடைத்தது 11 ஆட்டம். அவரோடு சேர்த்து, யங்குக்கு நாள்தோறும் பாடம் சொன்ன குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஜாஷ் மெக்கவுனையும் வெளியேற்றினீர்கள்! களத்தில் அடுத்த நகர்வு எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ரைக்கிடமிருந்து தாமஸ் பிரவுனுக்கும், மறுபடி ரைக்கிடமும், மீண்டும் பிரவுனிடமும் போனது. மாதத்துக்கொரு ஆசிரியர் மாறிய வகுப்பில் மாணவனைத் தோற்றவன் என்கிறோம்.

முதல் ஆண்டில் தடுமாறி எழுந்த குவார்ட்டர்பேக்குகள் இதற்கு முன்பும் உண்டு. 1989இல் டல்லஸின் டிராய் ஐக்மன் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார். 1998இல் இண்டியானாபொலிஸின் பேட்டன் மானிங் 28 முறை பந்தை எதிரணி கையில் கொடுத்தார், அணி 3-13. அடுத்த ஆண்டு 13-3. இருவர் விஷயத்திலும் பயிற்சியாளர் மாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரப்போகிறவருக்கு முழுமையாக மூன்று பருவங்கள் தருவோம் என்று அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது உங்களைப் பற்றியது. ஜாக்சன்வில்லில் ரசிகர்கள் மீது பானத்தை வீசியதற்காக லீக் உங்களுக்கு 3 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அபராதம் உங்களுக்குப் பெரிய தொகையல்ல. வெளிப்படையான மன்னிப்பைக் கேட்கிறோம். ஆட்டக்காரர் தேர்வைப் பொது மேலாளரிடமே முழுதாக விட்டுவிடுங்கள் என்றும் கேட்கிறோம்.

நான்காவது, நம் மைதானத்தில் 2021இல் போட்ட செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு இயற்கைப் புல் போடுங்கள். இது சிறிய கோரிக்கை. வீரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது.

அதே டிராஃப்டில் வந்த குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் ஹூஸ்டனில் ஜொலிக்கிறாரே, யங்குக்குப் பதில் அவரை எடுத்திருக்கலாமே என்று தெருவெல்லாம் பேச்சு. பேசட்டும். அந்த ஹூஸ்டனைத்தான் அக்டோபரில் யங் 15-13 என்று வீழ்த்தினார். அதுவே நம் முதல் வெற்றி. டிசம்பர் மழையில் அட்லாண்டாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் அணியை நகர்த்திக் கொண்டுபோய் 9-7 என்று முடித்தவரும் அவரே. கிரீன் பேயிடம் 33-30 என்று தோற்ற நாளில் 312 கெஜம் எறிந்தார். கை இருக்கிறது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

சக ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பரில் யங் மறுபடி களத்துக்கு வரும்போது கைதட்டுங்கள். கூச்சல் போட்டே ஆகவேண்டுமென்றால், உரிமையாளர் அமரும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் போடுங்கள்.