ஆறுதல் நேரம்: சுங்கானும் மித்வாக்கும்



சென்ற முறை பேரீச்சம்பழ வகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு அஜ்மானில் இருக்கும் ஒருவர், "பழம் சரி, நீர் சுங்கான் பிடிக்கிற ஆள் என்றும் கேள்வி. அதைப் பற்றியும் ஒருக்கால் எழுதும்" என்று கேட்டிருந்தார். பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் போகும் பத்திரிகையில் புகையிலையைப் பற்றி எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். அதற்கிடையில் ஒரு விசயம் நடந்தது. அதைப் பிறகு சொல்லுகிறேன். அது நடந்தபடியால்தான் எழுதத்தான் வேண்டும் என்று இருக்கிறேன்.

நான் வேலை செய்வது பிளாஸ்ரிக் குழாய் வார்க்கும் தொழிற்சாலையில். கிழமை முழுக்கக் குழாயோடு கிடக்கிறவன் விடுமுறை நாளிலும் குழாயைத்தான் வாயில் வைத்திருக்கிறான் என்று அறையில் உள்ளவர்கள் பகிடி பண்ணுவார்கள். என்னுடைய சுங்கான், இங்கே வேலை முடித்துப் போன எகிப்துக்காரர் ஒருவர் தந்தது. பிரையர் என்று சொல்லுகிற வேர்க்கட்டையில் செய்தது. மத்தியதரைக் கடலோரம் வளரும் செடி, நெருப்புக்கு லேசில் கருகாது. கிழமைக்கு ஒரு தரம், விடுமுறை நாள் பின்னேரம், காம்பின் மதிலோரத்தில் புகைப்பதற்கு என்று விட்டிருக்கும் இடத்தில், ஒரே ஒரு நிரப்பு. அதற்கு மேல் என்னுடைய சம்பளமும் இடம் தராது, கிளிநொச்சியில் இருக்கும் மனுசியும் இடம் தரமாட்டா.

சுங்கான் புகையிலை ஒன்றைப்போல ஒன்று இருக்காது. வேர்ஜீனியா மஞ்சள் இலை. சூட்டுக் கொட்டிலில் காய வைப்பதால் இலையின் இனிப்பு உள்ளேயே நிற்கும். பற்றவைத்தவுடன் வெய்யிலில் காய்ந்த வைக்கோல் வாசம் வரும். அவசரக்காரனுக்கு ஆகாது, கெதியாக இழுத்தால் நாக்கு எரியும். பேர்லி காற்றில் உலர்ந்த இலை, இனிப்புக் குறைவு, வறுத்த கச்சான் கோதை மணந்தது போல் இருக்கும். கவெண்டிஷ் என்பது இலையின் இனமல்ல, பதப்படுத்துகிற முறை. ஆவியில் வாட்டி, அமத்தி, பெரும்பாலும் வனிலா போன்ற வாசனையும் சேர்த்து விற்பார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் "நல்ல மணம்" என்பார்கள். பிடிக்கிறவன் வாயில் பெரிதாக ஒன்றும் இராது. எனக்கு அது ஊரார் வாசம் பிடிக்கச் செலவழிக்கும் காசு. பெரிக் என்று அமெரிக்காவின் லூசியானாவில் இருந்து வருகிறது. பீப்பாவுக்குள் அமத்திப் புளிக்க வைத்தது. மிளகுக் காரம், தனியே பிடிக்க ஏலாது, கறிக்குத் தூள் போடுவது போல் மற்றதோடு கொஞ்சம் கலக்கவேண்டும்.

இவை எல்லாம் போகட்டும். நான் எழுத விரும்பியது லற்றாக்கியாவைப் பற்றி.

லற்றாக்கியா சிரியாவின் துறைமுகப் பட்டினம். அந்தப் பெயரில் வரும் புகையிலை இப்போது பெரும்பாலும் சைப்பிரஸில் இருந்து வருகிறது. இலையைக் கட்டித் தூக்கி, கீழே வாசமுள்ள மரங்களையும் செடிகளையும் எரித்து, நாட்கணக்காகப் புகையூட்டுவார்கள். இலை கறுத்துப் போகும். அந்த ரின்னை முதல் தரம் திறந்தபோது எகிப்துக்காரர் மூக்கைச் சுளித்து, "ரயர் எரிந்த மணம்" என்றார். எனக்கு இணுவிலில் அப்புவின் புகையிலைக் குடில் மணந்தது. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுதும் வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. வீட்டின் முகம்கூடச் சரியாக நினைவில்லை, குடிலின் மணம் மட்டும் கிடக்கிறது.

எங்கட ஆட்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். மாரி மழை ஓயும் காலத்தில் செம்பாட்டு மண்ணில் குழை தாழ்த்துக் கன்று நடுவார்கள். முன்பு துலாவால் இறைத்தார்கள், பிறகு வோட்டர் பம்ப் வந்தது. நுனியை முறித்து, பக்கக் கிளையைக் கிள்ளி விட்டால்தான் இலை தடிக்கும். வெட்டின இலையை வாட்டி, குடிலுக்குள் தூக்கி, கீழே பொச்சு மட்டையும் ஊமலும் போட்டுப் புகை போடுவார்கள். தீ எழும்பக்கூடாது, புகை அணையக்கூடாது. அப்பு இரவில் இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்ப்பாராம். அந்த இலைக்காசில்தான் அம்மாவின் மூத்த சகோதரிகள் இரண்டு பேருக்கும் கலியாணம் நடந்தது. இணுவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் இதே கதையைச் சொல்லுவார்கள். கிணறு கட்டினது, வீட்டுக்கு ஓடு போட்டது, பிள்ளையைப் படிப்பித்தது எல்லாம் புகையிலைக் காசு.

அந்த இலையில் ஒரு பகுதி வெற்றிலையோடு போடுவதற்கு மலையாள நாட்டுக்குப் போனது. ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அங்கே அந்த வியாபாரத்தை அரசாங்கமே தன் கையில் வைத்திருந்து பெரிய வருமானம் பார்த்தது. யாழ்ப்பாணத்தில் மலையாளப் புகையிலை என்ற பெயரிலேயே கூட்டுறவுச் சங்கமும் இருந்தது. எங்கள் மெஸ்ஸில் சமைக்கும் திருவனந்தபுரத்து ஐயா ஒருவர், என் ஊரைக் கேட்டதும் "ஜாப்பாணம் புகையிலையோ!" என்றார். சிறு வயதில் அது ஜப்பானில் இருந்து வருகிறதென்று நினைத்தாராம். இங்கே என்னுடைய ஊரின் பெயரைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லாமல் போன முதல் ஆள் அவர்தான். வளைகுடா நாடுகள் 1951 அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடாதபடியால் எங்கட கடதாசியில் அகதி என்ற சொல்லே இல்லை, வெறும் தொழிலாளி. ஒரு இலையின் பெயரால் ஊர் அறியப்படுவது பெரிய ஆறுதலாக இருந்தது.

மற்றப் பகுதி சுருட்டு. யாழ்ப்பாணத்தில் திண்ணையில் இருந்து சுற்றி, தெற்கே சிங்கள ஊர்களில் எங்கட முதலாளிமார் திறந்த சுருட்டுக்கடைகளில் விற்றார்கள். அப்பு விற்றதும் அதுதான், பிடித்ததும் அதுதான். வன்னியில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோதும், அரிசி இல்லாத நாளில்கூட அவருக்குச் சுருட்டு வேண்டும். 1998 இல் தொண்டையில் புற்றுநோய் வந்து செத்தார். கடைசி இரண்டு மாதம் தண்ணீரும் இறங்கவில்லை. மூன்று பெண்பிள்ளைகளைக் கரை சேர்த்த இலை, அவரையும் கொண்டுபோனது. இரண்டும் உண்மை. லற்றாக்கியா ரின்னைத் திறக்கும்போது எனக்கு இரண்டும்தான் மணக்கும்.

இனி இந்த நாட்டுச் சங்கதிக்கு வருகிறேன். இங்குள்ள அரபு ஆட்களின் சுங்கான் மித்வாக். பேனை அளவு நீளம், மரத்திலோ எலும்பிலோ செய்வார்கள். வாயில் வைக்கும் பக்கம் மெல்லிசு, மற்றப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி கொள்ளாத ஒரு சின்னக் குழி. அதற்குள் போடும் தூளுக்கு டோக்கா என்று பெயர். அரபியில் அந்தச் சொல்லுக்குத் தலைச்சுற்று என்றுதான் பொருள். விற்கிறவன் உண்மையைப் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறான், இதைவிட நேர்மையான சரக்கு எங்கே இருக்கிறது. ஈரானிலும் இந்தப் பக்கத்திலும் விளையும் இலையை வெறுமனே காயவைத்து, பொடியாக நறுக்கி, சிலவேளை வேறு இலை தழை, வாசனைச் சரக்கும் சேர்ப்பார்கள். சிறிய போத்தலில், பச்சையும் மண்நிறமும் கலந்த தூளாகக் கிடைக்கும்.

கடையில் பாரித், தாஃபி, ஹார் என்று கேட்பார்கள். குளிர், வெதுவெதுப்பு, சூடு. வேகத்தைத்தான் அப்படிச் சொல்லுகிறார்கள். மூன்றையும் ஒவ்வொரு கிழமை இடைவெளியில் பார்த்தேன். பாரித், காய்ந்த புல்லின் மணம், தலை லேசாகக் கிறுகிறுத்து ஒரு நிமிடத்தில் தெளிந்தது. தாஃபிக்குக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். ஹார் என்பது ஒரே இழுவையில் காது அடைத்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. சுங்கானில் ஒரு நிரப்பு முக்கால் மணித்தியாலம் போகும், புகையை வாயில் வைத்து விடுவோம். இதில் ஒரு இழுவை, இரண்டு இழுவை, அதுவும் நேரே நெஞ்சுக்கு. எனக்கு இது பொழுதுபோக்காகத் தெரியவில்லை. நான்காம் தரம் பார்க்கவில்லை.

இப்போது முதலில் சொன்ன விசயம். சார்ஜாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வந்து ஒரு வருடம்தான். ஒரு நாள் அக்கா கூப்பிட்டு, "தம்பி, இது என்ன தூளெண்டு ஒருக்கால் பாரும். இவன்ர பள்ளிக்கூடப் பையுக்கை கிடந்தது" என்று ஒரு போத்தலைக் காட்டினா. ஏதோ மூலிகை மருந்தென்று நினைத்திருக்கிறா. மணந்தேன், ஹார். பெடியன் பத்தாம் வகுப்பு. அதற்கு முந்தின மாதம் இரண்டு தரம் தலைசுற்றி விழுந்து, வைத்தியரிடம் கொண்டுபோய், இரத்தம் சோதித்து, ஒன்றும் பிடிபடாமல், சாப்பாடு காணாது என்று முட்டையும் பாலுமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு சம்பளத்தில் நாலு பேர் சீவிக்கும் வீடு.

பெடியனோடு தனியே கதைத்தேன். "மாமா, இது சிகரெட் இல்லை. கெமிக்கல் ஒண்டும் இல்லை, இயற்கை" என்றான். அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் கதை. அப்புவின் சுருட்டும் இயற்கைதான் என்று சொன்னேன். தாளும் பஞ்சும் இல்லையென்றால் நஞ்சும் இல்லையென்று அர்த்தமில்லை. நிக்கொற்றின் இலையில் இருக்கிறது, இந்த இலையில் மிகக் கூடுதலாக இருக்கிறது.

பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டியது: இங்குள்ள மாணவர்களிடம் மித்வாக் பரவியிருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. காரணம் லேசு. அரை நிமிட வேலை, உடுப்பில் சிகரெட் அளவுக்கு மணம் நிற்காது, குழாய் பேனைப் பெட்டிக்குள் அடங்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் காரில் புகைப்பதும் குற்றம். ஆனால் மூத்த பெடியள் வாங்கிக் கொடுக்கும்போது சட்டம் பக்கத்தில் நிற்பதில்லை.

அண்ணர் அடிக்க எழும்பினார். பெடியன், "நீங்கள் நாளைக்குப் பத்து இழுக்கிறியள்தானே அப்பா" என்றான். அண்ணர் இருந்துவிட்டார். அந்த வீட்டில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அக்காதான் விசாரித்து, புகைத்தலைக் கைவிட உதவும் கிளினிக்குகள் சுகாதார அமைச்சின் கீழ் இருப்பதை அறிந்து, தகப்பனையும் மகனையும் சேர்த்தே அனுப்பினா. மூன்று மாதமாகிறது. பெடியன் விட்டுவிட்டான், விழுவதும் இல்லை. அண்ணர் பத்தில் இருந்து நாலுக்கு வந்திருக்கிறார். அவருக்குத்தான் கஷ்டம்.

ஷீஷாவைப் பற்றியும் இரண்டு வரி. குடும்பமாகப் போகிற இடங்களில் அப்பிள் மணத்தோடு வருவதால் அது பழரசம் போல என்று எங்கட சில ஆட்கள் நினைக்கிறார்கள். அதுவும் புகையிலைதான், பாகில் ஊறியது. தண்ணீர் புகையைக் குளிர்த்துமே ஒழியக் கழுவாது. ஒரு மணித்தியாலம் இருந்தால் ஒரு சிகரெட்டைவிட நூறு முதல் இருநூறு மடங்கு கன அளவு புகை உள்ளே போகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2005 இலேயே எழுதிவிட்டது. கரியின் புகை வேறு.

காசுக் கணக்கும் பார்க்கவேண்டும். 2017 ஒக்ரோபர் 1 முதல் எமிரேட்ஸில் புகையிலைக்கு நூற்றுக்கு நூறு வீதம் வரி. சவூதியில் அதே வருடம் யூனிலேயே தொடங்கிவிட்டது, பஹ்ரைன், கட்டார், ஓமான் பிறகு சேர்ந்தன. என்னுடைய ஒரு ரின் நாலு மாதம் வரும். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிக்கும் அறை நண்பரோடு இருந்து கணக்குப் பார்த்தோம். வருட முடிவில் அவர் ஊருக்குப் போய்வரும் விமான ரிக்கற் அதற்குள் நின்றது. அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் வெற்றிலைக்குப் போடும் புகையிலை கொண்டுவரச் சொல்லலாமா என்று டுபாயில் இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தா. வேண்டாம் அம்மா. பான், நஸ்வார், மெல்லும் புகையிலை எல்லாம் இங்கே விற்கத் தடை, கொண்டுவருகிற பிள்ளை விமான நிலையத்தில் பிடிபட்டால் விசாவுக்கே இடைஞ்சல் வரலாம். 

அடுத்த முறை கஹ்வாவைப் பற்றி எழுதுகிறேன். ஏலக்காய் எவ்வளவு போடுவது என்பதில் எங்கள் தொழிற்சாலை ஓமான்காரருக்கும் சவூதிக்காரருக்கும் இன்னும் தீராத வழக்கு இருக்கிறது.