உயரத் தக்காளியும் பொலித்தீன் கூரையும்

மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்று பேச்செடுத்தால், கோழிக்கும் ஆட்டுக்கும் அடுத்தபடியாகப் பொலித்தீன் கூடாரமும் வந்துவிடுகிறது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஒரு காயே கால் கிலோவுக்கு மேல் நிறுக்கும் தக்காளி அதற்குள் நிற்கும் படத்தையும் காட்டுவார்கள். படம் உண்மையானதுதான். அது எந்த ஊரில் பிடிக்கப்பட்டது என்று நாம் கேட்பதில்லை.

நாம் வழக்கமாக நடும் குட்டை இனம் ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூத்து நின்றுவிடும். அநேகமாக ஒரே முட்டாகக் காய்த்து முடித்துவிடும். உயர இனத்துக்கு அந்த நிறுத்தம் இல்லை. கயிற்றில் சுற்றி மேலே ஏற்றி, இலைக்கக்கத்தில் வரும் பக்கக்கிளைகளை வாரந்தோறும் கிள்ளிவிட்டால் பல மாதங்கள் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். குளிர்நாட்டார் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகக் கண்ணாடி வீடு கட்டி அதற்குள் இதை வளர்த்தார்கள். இரவில் நன்றாகக் குளிரும் நுவரெலியாவிலும் வெலிமடையிலும் அப்படியான கூடாரம் பொருந்தும்.

எங்கள் பக்கத்தில் நிலைமை வேறு. தக்காளிப் பூ பிஞ்சாக மாறுவதற்கு இரவில் 15 முதல் 20 பாகை செல்சியஸ் உகந்தது. பகற் சூடு 32 பாகையையும் இரவுச் சூடு 24 பாகையையும் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். பெரிய காய் இனங்களில் இந்தக் குறை கூடுதலாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சித்திரை தொடக்கம் ஆவணி வரை இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த வெயிலில் நாலு பக்கமும் பொலித்தீனால் மூடினால் செடி பச்சைப்பசேலென்று கூரையைத் தொடும், காய் இராது.

ஆகவே எமக்குக் கூரை வேண்டியது மாரிக்கு. திறந்த நிலத்தில் மழை மண்ணைத் தெறித்து இலையில் நோயை ஏற்றும். வேர் நீரில் மூழ்கி அழுகும். அதனால் எல்லோரும் மழை விட்டபின் நடுகிறோம். மாசி பங்குனியில் எல்லோருடைய காயும் ஒரே நேரத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கும் கிளிநொச்சிச் சந்தைக்கும் போய், ஆய்ந்த கூலிக்கும் கட்டாத விலைக்குக் குவிகிறது. புரட்டாதியில் கூரையின் கீழ் நட்டால் மார்கழி, தையில் ஆயலாம். இரவுச் சூடு 22, 23 பாகைக்கு இறங்குவதும் அந்த மாதங்களில்தான்.

அப்படியானால் கூரை உயரமாக இருக்கட்டும். நடுமுகடு 12 அடியாவது வேண்டும். பக்கங்களுக்கு வலை போதும். மிக நெருக்கமான வலை வெள்ளை ஈயைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும். மாரியில் வெள்ளை ஈ குறைவாதலால் நான் காற்றின் பக்கமே நிற்பேன். கூரைத் தண்ணீர் ஓட வெளியே வாய்க்கால் வெட்ட மறக்கக்கூடாது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காற்று அடங்கிய இடத்தில் மகரந்தம் தானாக உதிராது. தேனீ இதற்கு உதவாது; பூவைப் பிடித்து அதிரச் செய்யும் கருவண்டே உதவும். வண்டு உள்ளே வராவிட்டால் காலை பத்து மணியளவில் கயிறுகளைக் கையால் தட்டிவிடுங்கள். காயின் அடி கறுத்து அழுகினால் உடனே சுண்ணாம்பைத் தேடுகிறோம். சுண்ணாம்புக் கல்லின் மேற் கிடக்கும் எங்கள் செம்மண்ணில் அநேகமாகக் குறை அதுவல்ல. ஒருநாள் வெள்ளமாகவும் மூன்றுநாள் வறளவும் விடுவதே காரணம். நாள்தோறும் அளவாக ஊற்றினால் காய் வெடிப்பதும் குறையும். கத்தரி, மிளகாய், புகையிலை நின்ற நிலத்தில் பக்றீரியா வாடல் தங்கியிருக்கலாம். தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையம் காட்டியபடி, வாடலைத் தாங்கும் கத்தரிக் கன்றில் தக்காளியை ஒட்டி நடலாம். கைப்பழக்கமுள்ள பிள்ளைகள் இதை விரைவில் பழகுவார்கள்.

இன்னொன்று. அரைக் கிலோக் காயை யார் வாங்குவார்? சொதிக்கும் குழம்புக்கும் இரண்டு சின்னப் பழம் கேட்கும் வீடுகளே எங்கள் சந்தைக்கு வருகின்றன. நடுத்தரக் காயுள்ள உயர இனமே எனக்கு மேலாகப் படுகிறது. கலப்பின விதையானால் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி போல வராது என்பதையும், ஒவ்வொரு முறையும் விதைக்குக் காசு வேண்டும் என்பதையும் முதலிலேயே கணக்கில் எழுதுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது நிலம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களிற் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர் காணியில் இருந்தார்கள். இன்னும் சொந்தக் காணிக்குப் போகாதவர்கள் உண்டு. காணிக்காரர் எழும்பச் சொன்னால் கொங்கிறீற்றில் புதைத்த இரும்புக் காலைக் கிளப்பிக்கொண்டு போக முடியுமா? கடன் தவணை மட்டும் கூடவே வரும். உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இல்லாதவர்கள் கடன்பட்டுக் கூடாரம் போடக்கூடாது என்பதே என் கருத்து. அவர்களுக்குப் பத்துக் கன்றுக்குத் தடியும் பொலித்தீனும் கட்டிய, கழற்றிக்கொண்டு போகக்கூடிய சிறு கூரை போதும். நிலம் உள்ளவர்களும் முதற் போகத்தை அப்படியே பார்க்கட்டும்.

உதவி தருபவர்களிடம் கேட்கவும் ஒன்று உண்டு. பொலித்தீன் வெயிலில் இற்று மூன்று ஆண்டளவில் கிழியும். சட்டம் நிற்கும், திட்டம் முடிந்திருக்கும், வந்தவர்கள் போயிருப்பார்கள். இரண்டாவது பொலித்தீனுக்குக் காசு யாருடையது என்பதை, முதலாவதை விரிக்கும் முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.